தோண்டியவர் கணக்குக் காட்ட வேண்டாமா?

தில்லியில் குடியேறிய நாளிலிருந்து கணக்குத் தணிக்கைதான் எனக்குச் சோறு போடுகிறது. எங்கள் தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு. தணிக்கையாளருக்குப் பணம் தருவது ஒரு கம்பெனி. ஆனால் அவர் பதில் சொல்ல வேண்டியதோ, முகம் தெரியாத ஆயிரக்கணக்கான பங்குதாரர்களுக்கு. தவறு செய்தால், 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த எங்கள் நிறுவனம் அவரை அழைத்து விசாரிக்கும். பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கவும் அதற்கு வழியுண்டு. வழக்கறிஞர்களுக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கட்டடக் கலைஞர்களுக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. புதிய கட்டடம் எழுப்புபவருக்கு மன்றம் உண்டு. புதைந்த நகரத்தைத் தோண்டி எடுப்பவருக்கு நம் நாட்டில் அப்படியொரு சட்டபூர்வமான தொழில் மன்றம் இல்லை.

தொல்லியலுக்கு எதற்கு இந்தக் கெடுபிடியெல்லாம் என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. ஒரு பேரேட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் புரட்டிச் சரிபார்க்கலாம். மண்ணடுக்கை ஒரே ஒருமுறைதான் பிரிக்க முடியும். எந்தப் பானை எந்த அடுக்கில் கிடந்தது, அதன் அருகில் என்ன இருந்தது என்று குறித்து வைக்காவிட்டால், பிறகு யார் வந்தாலும் அதை மீட்க முடியாது. ஆகவே அகழ்வாராய்ச்சியில் அறிக்கை என்பது வேலை முடிந்தபின் எழுதும் சம்பிரதாயக் காகிதம் அல்ல. அழிந்துபோன சான்றுக்கு ஈடாக நமக்குக் கிடைப்பது அந்த அறிக்கை ஒன்றுதான்.

அந்த அறிக்கைகள் எப்படி வந்தன என்று பார்ப்போம். புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் 1945-ல் அகழ்ந்தார். ரோமானிய வாணிகத் தொடர்பை நிலைநாட்டிய அந்த ஆய்வின் அறிக்கை மறு ஆண்டே, 1946-ல் அச்சில் வந்துவிட்டது. இராஜஸ்தானத்தில் சிந்துவெளிக் காலத்து ஊரான காலிபங்கனில் 1960-களில் அகழ்வு நடந்தது. 1969-ல் முடிந்த அந்த ஆய்வின் முதல் தொகுதி வெளிவந்தது 2003-ல்! தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 2004, 2005-ஆம் ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட முதுமக்கள் தாழிகள் வெளிப்பட்டன. அவற்றின் காலக் கணிப்பு முடிவு பொதுமக்களுக்குத் தெரிய 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கும் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கு நடக்க வேண்டியிருந்தது. நீதிமன்றத்தின் கதவைத் தட்டித்தான் ஒரு தாழியின் வயதை அறிய வேண்டுமா?

1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாநிலத் துறையோ பல்கலைக்கழகமோ தோண்ட வேண்டுமானால் மத்தியத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அனுமதி தருவதும் அந்தத் துறை. தானே தோண்டுவதும் அந்தத் துறை. தன் அலுவலரை இடம் மாற்றுவதும், அவர் எழுதியதை அச்சிடுவதும் அந்தத் துறையே. அங்கே வெயிலிலும் புழுதியிலும் உழைத்த நேர்மையாளர்கள் ஏராளம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரே கை வரவும் எழுதி, செலவும் எழுதி, தணிக்கையும் செய்தால், அது எவ்வளவு சுத்தமான கையாக இருந்தாலும் ஊர் நம்பாது. தணிக்கையின் அரிச்சுவடி இது.

கீழடியை எடுத்துக்கொள்ளுங்கள். மத்தியத் துறை 2014-15-ல் தொடங்கிய முதல் கட்ட ஆய்வும், அதையடுத்த கட்டமும் சேர்ந்த அறிக்கை 2023 ஜனவரியில் துறையிடம் அளிக்கப்பட்டது. 2025 மே மாதம், திருத்தங்கள் செய்துதரும்படி துறை கேட்டது. அகழ்ந்தவரோ தம் முடிவுகளில் உறுதியாக நின்றார். உடனே அரசியல் தலைவர்கள் அறிக்கைப் போர் நடத்தினார்கள். நாளேடுகள் தலைப்புப் போட்டன. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் தகுதியுடையவன் அல்லன். என் கேள்வி வேறு. மண்ணடுக்கையும் கரிமக் கணிப்பையும் அறிந்த சகதொழிலாளர்கள், இரு தரப்புக்கும் கட்டுப்படாதவர்கள், உட்கார்ந்து ஆராய்ந்து சொல்ல ஓர் இடம் இருந்ததா? இல்லை. அந்த இடம்தான் தொழில் மன்றம்.

பிற நாடுகள் இதை யோசித்திருக்கின்றன. பிரிட்டனில் 1982-ல் கள ஆய்வாளர்கள் தங்களுக்கென ஒரு நிறுவனம் அமைத்தனர். 2014-ல் அதற்கு அரச பட்டயம் கிடைத்தது. அங்கே வீடு கட்டும் கம்பெனிகளே அகழ்வுக்குப் பணம் தருவது வழக்கம். பணம் தருபவர் விரும்புவதை எழுதாமல், கண்டதை எழுத வேண்டுமே! எங்கள் தொழிலின் அதே தர்மசங்கடம். அதனால் ஒழுக்க விதிகள், தகுதிப் படிநிலைகள், புகார் விசாரணை எல்லாம் வகுத்தார்கள். அமெரிக்காவில் 1998-ல் தொழில்முறைத் தொல்லியலாளர் பதிவேடு ஒன்று உருவாயிற்று. அதன் விதிகளில் ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது: களப்பணி முடிந்து 10 ஆண்டுகளுக்குள் முழு அறிக்கை தராவிட்டால், அந்தத் தரவுகளின்மேல் அகழ்ந்தவருக்கு உள்ள முன்னுரிமை போய்விடும், மற்றவர்கள் ஆராய அவற்றைத் திறந்துவிட வேண்டும்.

நம்மிடம் சங்கங்கள் இல்லாமலில்லை. 1967-ல் தோன்றிய இந்தியத் தொல்லியல் சங்கம் 'புராதத்வ' இதழை நடத்துகிறது. தஞ்சையிலிருந்து தமிழகத் தொல்லியல் கழகம் 'ஆவணம்' இதழில் ஊர் ஊராகக் கண்டெடுத்த கல்வெட்டுகளை அச்சேற்றி வருகிறது. அரிய தொண்டு. ஆனால் இவை விரும்பிச் சேரும் அறிஞர் அவைகள். தவறியவரைக் கேட்கவோ, நேர்மையானவருக்கு அரணாக நிற்கவோ சட்டம் இவற்றுக்கு அதிகாரம் தரவில்லை.

மன்றம் ஒன்று அமைந்தால் அதன் பொறுப்புகளாக நான் கருதுபவை நான்கு. ஒன்று, அகழ்வுக்குத் தலைமை ஏற்பவரின் தகுதியை வரையறுத்தல். இரண்டு, அறிக்கைக்குக் கெடு வைத்தல்; கெடு தாண்டினால் களக் குறிப்புகளைப் பிற ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடல். மூன்று, கருத்து வேறுபாடு எழுந்தால் சகதொழிலாளர் குழுவைக் கொண்டு ஆராய்ந்து, முடிவைக் காரணங்களோடு வெளியிடல். நான்கு, உண்மையை எழுதியதற்காக ஓர் ஆய்வாளர் அலைக்கழிக்கப்பட்டால் அவர் பக்கம் நிற்றல். கண்டிக்க மட்டும் தெரிந்து, காக்கத் தெரியாத மன்றத்தை யார் மதிப்பார்கள்?

ஓர் ஆபத்தும் உண்டு. பட்டம் பெற்றவர்கள் கூடிக் கதவைச் சாத்திக்கொள்ளும் இடமாக அது ஆகிவிடக் கூடாது. நடுகற்களையும் கல்வெட்டுகளையும் தேடி ஞாயிற்றுக்கிழமைகளில் அலையும் பள்ளி ஆசிரியர்களால்தான் தமிழகத்தின் வரலாறு பாதி வெளிச்சம் பெற்றது. தேடவும் படிக்கவும் படமெடுக்கவும் எவருக்கும் உரிமை இருக்க வேண்டும். மண்வெட்டி மண்ணில் இறங்கும்போதுதான் விதி வேண்டும்.

இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டியது, நாம் என்ன செய்ய முடியும் என்று எண்ண வேண்டாம். தலைநகரத் தமிழர்களாகிய நாம் தொல்லியல் அறிஞர்களை அழைத்துப் பேச வைக்கிறோம்; பொன்னாடை போர்த்துகிறோம்; "நம் நாகரிகம் எத்தனை ஆயிரம் ஆண்டு பழமை?" என்று ஆவலோடு கேட்டுக் கைதட்டுகிறோம். அடுத்த முறை இன்னொரு கேள்வியையும் மரியாதையோடு சேர்த்துக் கேட்போம்: "ஐயா, அறிக்கை எப்போது வரும்?"