ஹிருதய வால்வும் கம்ப்யூட்டர் கணிதமும்

மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்து லயங்களிலிருந்தும், பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும், ‘வால்வில் கோளாறு’ என்று வைத்தியர் எழுதிக் கொடுத்த சீட்டோடு மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் திருவனந்தபுரத்துக்கும் பஸ் ஏறுகிற நம் தமிழ்க் குடும்பத்தார் கண்ணில், ஒலியலையால் ஹிருதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ அறைத் திரையில் மின்னி அசைகிற வால்வு இதழ்கள் வெறும் நிழலாகவே படும். நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சம் தடவை திறந்து மூடி உயிரைக் காப்பவை அவைதாம்.

அந்த எக்கோ படத்தைக் கொண்டே வால்வின் இயக்கத்தைக் கம்ப்யூட்டருக்குள் மறுபடி நடத்திப் பார்க்கும் சாஸ்திரம் இன்று நன்கு வளர்ந்திருக்கிறது. இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள ஈரிதழ் வால்வையே எடுத்துக்கொள்வோம். முப்பரிமாண எக்கோவிலோ சி.டி. ஸ்கேனிலோ இதழின் விளிம்பைத் தடம் பிடித்து, அதன் பரப்பை ஆயிரக்கணக்கான சிறு முக்கோணங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் திசுவின் சுபாவத்தைச் சமன்பாடாக எழுதி, கீழறை சுருங்கும்போது எழும் ரத்த அழுத்தத்தை அதன்மேல் ஏற்றினால், எந்த இடம் எவ்வளவு இழுபடுகிறது, எங்கே இதழ்கள் பொருந்தாமல் ரத்தம் பின்னோக்கிக் கசிகிறது என்பதைக் கணக்கு காட்டிவிடும். திசுவின் சுபாவமோ விசித்திரமானது: முதலில் எளிதில் நெகிழ்ந்து கொடுத்து, உள்ளே சுருண்டு கிடக்கும் கொலாஜன் இழைகள் நிமிர்ந்ததும் தாம்புக் கயிறுபோல் விறைத்துவிடும். ஓடுகிற ரத்தமும் அசைகிற இதழும் ஒன்றையொன்று தள்ளும் சிக்கலை ஒரே கணக்கில் அடக்கும் மார்க்கத்தை 1972இல் வகுத்துத் தந்தவர் அமெரிக்கக் கணித விஞ்ஞானி சார்லஸ் பெஸ்கின்.

ஆயினும் படம் உருவத்தைக் காட்டுமே ஒழிய உறுதியைக் காட்டாது. இதழ்களைக் கீழறைத் தசைகளோடு பிணைக்கும் மெல்லிய நாண்கள் எக்கோவில் முழுமையாகத் தெரிவதில்லை. படம் பிடிக்கும் தருணத்திலேயே இதழ் இழுபட்டுத்தான் இருக்கும். ஆகவே கணக்குப் போடுகிறவர் பலவற்றை அனுமானிக்க வேண்டியிருக்கிறது. அனுமானம் பிசகினால், எவ்வளவு அழகிய வர்ணப் படத்தைக் கம்ப்யூட்டர் வரைந்தாலும் பிரயோஜனமில்லை.

செயற்கை வால்வு செய்வோருக்கு இந்தத் தொல்லை குறைவு, உலோகத்தின் பலத்தை முன்கூட்டியே அளந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் ஹிருதய அறுவை நிபுணர் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம் உருவாக்கிய சித்ரா வால்வின் முதல் மூன்று மாதிரிகளும் தேறவில்லை. செயற்கை நீலக்கல்லால் செய்த தகடுகூட முறிந்துபோயிற்று. கோபால்ட் கலப்புலோகச் சட்டமும் பாலிஎதிலீன் தகடும் கொண்ட நான்காவது மாதிரியே, சோதனை யந்திரத்தில் கோடிக்கணக்கான தடவை அடிபட்டு, ஆடுகளில் பரீட்சிக்கப்பட்டு, 1990 டிசம்பர் 6இல் ஒரு நோயாளியின் ஹிருதயத்தில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. விடாமுயற்சியின் அந்தச் சரித்திரத்தை நம் பிள்ளைகள் பாடமாகப் படிக்க வேண்டும்.

இயற்கை வால்வைச் செப்பனிடுவது வேறு வேலை. அங்கே ஆளுக்கு ஆள் உருவம் மாறும். மேல்நாட்டார் போட்ட கணக்குகளில் பெரும்பாலானவை முதுமையில் தளர்ந்த, சுண்ணம் படிந்த வால்வுகளைப் பற்றியவை. நம் நாட்டிலோ, குழந்தைப் பருவத்துத் தொண்டைப்புண்ணை அலட்சியம் செய்ததால் வாதக் காய்ச்சல் கண்டு, இதழ் தடித்து, ஓரங்கள் ஒட்டி, நாண்கள் குறுகிப்போன வால்வுகள் ஏராளம். பலூனை விரித்து அவற்றைத் திறக்கும்போது எந்த ஓரம் பிரியும், எந்த இதழ் கிழியும் என்று முன்கூட்டி அறிய, இப்படிப்பட்ட இதழ்களின் படங்களும், அறுவையில் அகற்றிய திசுவின் அளவைகளும் வேண்டும்.

பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டில் ஐ.ஐ.டி. இருக்கிறது, திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையம் இருக்கிறது, நோயாளிகளோ கேரளம், தமிழ்நாடு ஆகிய இரண்டு மாநில ஆஸ்பத்திரிகளிலும் காத்திருக்கிறார்கள். எக்கோ படங்களை, நோயாளியின் சம்மதத்தோடும் பெயரை நீக்கியும், பொறியியலாருக்குக் கொடுத்து உதவுமாறு இவ்விரு மாநில வைத்தியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.