தொண்டையில் எலும்பா? வெறிநோயா? – நாய், பூனை வளர்ப்போர் கேட்கும் கேள்விகள்

காரிமங்கலம், பாலக்கோடு பக்கம் மாம்பழக் காலத்தில் ஒரு மாடு வாயைத் திறந்தபடி எச்சில் ஒழுக நின்றால், வீட்டுக்காரர் முதலில் செய்யும் காரியம் சட்டைக்கையை மடித்துக்கொண்டு தொண்டைக்குள் கையை விட்டுப் பார்ப்பதுதான். மாங்கொட்டை சிக்கியிருக்கும், இல்லையென்றால் குச்சிக்கிழங்குத் துண்டு. எடுத்துப் போட்டால் மாடு தேறிவிடும். இது பலருக்கும் கைவந்த வேலை.

எதுவுமே சிக்காத மாடுதான் ஆபத்தானது. ஒன்றிரண்டு மாதத்துக்கு முன்னால் இரவில் கொட்டகைக்குள் புகுந்த நாய் ஒன்று அதைக் கடித்திருக்கும். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வெறிநோய் கண்ட மாட்டுக்குத் தொண்டைத் தசை வேலை செய்யாது. விழுங்க முடியாததால் எச்சில் கம்பியாக இறங்கும். அடித்தொண்டையில் விட்டுவிட்டுக் கத்தும். பார்க்க அடைப்பு போலவே இருக்கும். களை பறித்து வெடித்த விரலோ, முள் கீறிய கையோ அந்த எச்சிலில் பட்டால் கிருமி உள்ளே போக அதுவே போதும்.

நாய்க்கும் இதே கதைதான். வெறிநோய் என்றாலே துரத்தித் துரத்திக் கடிக்கும் நாய்தான் மனதில் வரும். ஆனால் இன்னொரு வகையும் உண்டு. நாய் யாரையும் கடிக்காது. இருட்டு மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். கூப்பிட்டால் வராது. கீழ்த்தாடை தொங்கிவிடும், குரைப்பு கரகரவென்று மாறும். "எலும்பு மாட்டிக்கிச்சு" என்று வீட்டுப் பெரியவரோ, பாசத்தோடு வளர்த்த பிள்ளையோ வாயைப் பிளந்து பார்ப்பது இந்த நேரத்தில்தான். முன்னால் தண்ணீர் வைத்துச் சோதிப்பவர்களும் உண்டு. அந்தச் சோதனை நம்பத் தகுந்ததல்ல. தண்ணீரைக் கண்டு நடுங்குவது நோய் கண்ட மனிதருக்குத்தான் வரும். நாய் தண்ணீருக்குப் பயப்படுவதில்லை, குடிக்க வாயை வைக்கவும் செய்யும். விழுங்கத்தான் முடியாது.

ஆகவே மாடோ, ஆடோ, நாயோ, பூனையோ, காரணம் தெரியாமல் எச்சில் ஒழுகினால் வாய்க்குள் கை விடாதீர்கள். தனியாகக் கட்டிவிட்டு அல்லது அறையில் அடைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

"நம்ம ஊட்டு நாய்தான் கடிச்சுது, அதுக்கு ஊசியும் போட்டிருக்கு. நாங்களும் போட்டுக்கணுமா?"

போட்டுக்கொள்ள வேண்டும். நாய்க்குப் போட்ட ஊசி எப்போது போட்டது, மருந்து குளிர்ச்சி கெடாமல் வந்ததா, நாயின் உடம்பு அதை ஏற்றுக்கொண்டதா என்பதெல்லாம் கடித்த நேரத்தில் யாருக்கும் தெரியாது. எனவே முதல் ஊசியை அன்றே போட்டுக்கொண்டு, நாயைக் கட்டிவைத்துப் பத்து நாள் பார்க்க வேண்டும். கடித்த நாளில் அதன் எச்சிலில் கிருமி இருந்திருந்தால் இந்தப் பத்து நாளுக்குள் நோய் வெளியே தெரிந்துவிடும். பத்து நாள் தாண்டியும் நாய் தின்று, குரைத்து, வாலாட்டிக்கொண்டிருந்தால் மீதி ஊசி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். "பத்து நாள் பார்த்துவிட்டு அப்புறம் போடலாம்" என்று தலைகீழாகப் புரிந்துகொள்வதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு. இந்தப் பத்து நாள் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டும். நரி, கீரி போன்றவை கடித்தாலும், கடித்த நாய் தெருவோடு ஓடிப்போனாலும் காத்திருக்க ஒன்றுமில்லை, எல்லா ஊசியையும் போட்டே ஆக வேண்டும். கடித்த ஆத்திரத்தில் நாயை அடித்துக் கொன்றுவிட்டால் கவனித்துப் பார்க்கவும் வழியில்லாமல் போகும்.

ஊசிக்குப் போவதற்கு முன்னால் வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். மோட்டார் ஓடுகிற வயலில் கடித்தால் குழாயடியிலேயே உட்கார்ந்துவிடலாம். வெறிநோய்க் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, சவர்க்காரம் அதைச் சிதைத்துவிடும். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள், விளக்கெண்ணெய் எதையும் அப்பக்கூடாது. ரத்தம் வந்த காயத்துக்குத் தடுப்பூசி மட்டும் போதாது. காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்பு மருந்தையும் செலுத்த வேண்டும். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கச் சில நாட்கள் பிடிக்கும், அதுவரை காவல் நிற்பது இந்த மருந்துதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு, "காயத்தில் போடும் மருந்துக்கு எங்கே போக வேண்டும்?" என்று கேட்டு, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கு அன்றே கிளம்ப வேண்டும். காயத்துக்கு அவசரப்பட்டுத் தையல் போடுவதும் கூடாது.

தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி

பெரியவர்கள் ஊசிக்குப் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அவர்கள் பார்த்தது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்தை. வயிற்றில் தினம் ஒன்றாகப் பதினான்கு ஊசி. வலி ஒருபக்கம், சிலருக்கு நரம்புக் கோளாறு வரும் ஆபத்து மறுபக்கம். தென்னிந்தியாவில் இந்த மருத்துவத்துக்குப் பெயர்பெற்ற இடம் நீலகிரி குன்னூரில் உள்ள பாஸ்டர் நிலையம். 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண் வெறிநாய் கடித்து இறந்துபோனார். தெற்கே அப்போது இதற்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸ் கொடுத்த நன்கொடையும் சேர, 1907இல் குன்னூர் நிலையம் திறக்கப்பட்டது.

ஆட்டு மூளை மருந்து இந்தியாவில் கைவிடப்பட்டு இருபது ஆண்டாகிறது. இப்போது அரசு மருத்துவமனைகளில் கைத் தோலுக்குள் சிறு ஊசியாக, கடித்த நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என நான்கு முறை போடுகிறார்கள். கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும்கூடப் போடலாம். கறி, மீன் தின்னக்கூடாது என்ற பத்தியம் எதுவும் இல்லை. நோய் வந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை என்பதால், இங்கே தள்ளிப்போடுவதற்கு இடமே கிடையாது. கடித்ததிலிருந்து நோய் வெளிப்படப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். "கடிச்சு ஒரு மாசம் ஆச்சு, ஒண்ணும் ஆகல" என்பதை நம்பி விட்டுவிட முடியாது. தாமதமாகத் தெரிந்தாலும் போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகள் கடிபட்டதை மறைப்பார்கள், அடி விழும் என்ற பயம். நாய்க்குட்டியோடு விளையாடும் பிள்ளையிடம் "கடிச்சா சொல்லு, திட்ட மாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. பூனை கீறியதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பூனை தன் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கும், அதனால் நகக்கீறலும் கணக்கில் வரும்.

கடிபட்ட மாட்டின் பாலைக் குடிக்கலாமா?

நன்றாகக் கொதிக்க வைத்த பாலால் வெறிநோய் பரவுவதில்லை. ஆனால் நோய்க்குறி காட்டும் மாட்டிடம் பால் கறக்கவே போகக்கூடாது. பாலைவிட அதன் எச்சில்தான் கறப்பவருக்கு ஆபத்து. பச்சைப்பால் குடித்திருந்தாலோ, எச்சில் கையில் பட்டிருந்தாலோ மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மாட்டை நாய் கடித்தது கண்ணில் பட்டுவிட்டால் அதற்கும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, அன்றே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்ல வேண்டும். பொதுவாக முதல் நாள், 3, 7, 14, 28ஆம் நாட்களில் ஊசி போடுவார்கள், 90ஆம் நாள் இன்னொன்று போடுவதும் உண்டு. நோய் வந்து செத்த மாட்டின் தோலை உரிக்கக்கூடாது, கூறு போட்டு விற்கவும் கூடாது. ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

நாய்க்குட்டிக்கு எப்போது ஊசி?

வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாத வயதில். அதன் பிறகு எப்போது என்பதை மருத்துவர் அட்டையில் எழுதித் தருவார், ஆண்டுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் தப்பாது. கோமாரி ஊசிக்கு மாட்டை ஓட்டிவந்து நிறுத்தும் வீடுகளில்கூட நாயின் ஊசி விட்டுப்போகிறது. காரணம், நாயைப் பிடிக்க ஆள் இல்லை. குட்டியிலிருந்தே கழுத்தில் பட்டை போட்டு, தினம் சிறிது நேரம் கட்டிப் பழக்கினால் இந்தத் தொல்லை வராது. வளர்ந்த நாயென்றால் மெல்லிய துணியை மூக்கைச் சுற்றி ஒரு முடிச்சு, தாடைக்குக் கீழே ஒரு முடிச்சு, காதுக்குப் பின்னால் ஒரு முடிச்சு போட்டு வாயைக் கட்டலாம். மூச்சுத் திணறும் நாய்க்கும் வாந்தி எடுக்கும் நாய்க்கும் இப்படிக் கட்டக்கூடாது. பூனையை மூடியுள்ள கூடையில் கொண்டுபோவது நல்லது. கையில் தூக்கிப் போனால் மருந்தக வாசலில் நாயைப் பார்த்ததும் பிறாண்டிவிட்டு ஓடிவிடும்.

அரூரிலோ பென்னாகரத்திலோ மருந்துக் கடையில் தடுப்பூசி வாங்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் பேருந்து ஏறி வருபவர்கள் உண்டு. அந்த மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. வீட்டுக்கு வரும்போது குப்பியில் தண்ணீர் இருக்கும், மருந்து இருக்காது. பனிக்கட்டி போட்ட பிளாஸ்கில் கொண்டுவருவது ஒரு வழி, நாயை மருந்தகத்துக்கே கூட்டிப்போவது அதைவிட நல்ல வழி. குப்பியில் ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழித்து நாயின் அட்டையில் தேதியோடு ஒட்டச் சொல்லுங்கள்.

குட்டிகளை வாரிக்கொண்டு போவது பார்வோ என்னும் கழிச்சல் நோய். ரத்தம் கலந்து நாற்றமெடுக்கும் கழிச்சல், விடாத வாந்தி. சோற்றுக்கஞ்சி ஊட்டிக்கொண்டு இரண்டு நாள் பார்த்தால் குட்டி போய்விடும், உடனே நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். தடுக்கும் கூட்டு ஊசியை ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் நான்கு மாதம் வரை போடுவார்கள். பார்வோவில் குட்டி செத்த வாசலில் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அங்கே பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுங்கள், ஊசி போடாத புதுக் குட்டியைக் கொண்டுவராதீர்கள்.

குடற்புழு மருந்தை வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். கிடா வெட்டும் நாளில் ஈரல், நுரையீரலில் நீர்க்கட்டி தெரிந்தால் அதை நாய்க்கு வீசக்கூடாது. அந்தக் கட்டிக்குள் இருப்பது நாடாப்புழுவின் குஞ்சு. நாய் தின்றால் வயிற்றில் புழுவாகி, அதன் மலத்தின் வழியே முட்டை வெளிவந்து, நம் பிள்ளைகளின் ஈரலிலும் அதே கட்டி வளரும். எரித்துவிடுங்கள் அல்லது ஆழப் புதையுங்கள்.

வீட்டு அலமாரியிலிருந்து கொடுக்கும் மருந்து

காய்ச்சலடிக்கிறது என்று பூனைக்குப் பாரசிட்டமால் கொடுத்தால் ஒரே மாத்திரை அதைக் கொன்றுவிடும், பூனையின் ஈரலுக்கு அதைச் செரிக்கும் சக்தி இல்லை. மாட்டுக்குத் தெளிக்கும் உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவினால் வலிப்பு வந்து சாகும். நாய்க்கும் அளவு தெரியாமல் பூசக்கூடாது. புழு வைத்த புண்ணில் பினாயில் ஊற்றுவது இன்னொரு வழக்கம். புழு சாகும்தான், ஆனால் புண் வெந்துபோகும், பூனை அதை நக்கினால் விஷமேறும். புழுவை எடுத்துப் புண்ணைச் சுத்தம் செய்வதை மருந்தகத்தில் விட்டுவிடுவதே மேல்.

எலி மருந்து தின்ற நாயை இரண்டு வகையாகப் பார்க்க வேண்டும். கறுப்புப் பொடியான துத்தநாக பாஸ்பைடு வாந்தியில் பூண்டு வாடை அடிக்கும், அந்த வாடையை ஆட்களும் முகரக்கூடாது. இதற்கு முறிமருந்து இல்லை, மணிக்கணக்கில் ஓட வேண்டும். கட்டியாகக் கிடைக்கும் ரத்தம் உறையாமல் செய்யும் வகையைத் தின்ற நாய் மூன்று நான்கு நாள் நன்றாக இருந்துவிட்டு, பிறகு மூக்கிலும் ஈறிலும் ரத்தம் கசியும். இதற்கு வைட்டமின் கே ஊசி இருக்கிறது. வயலில் போடும் குருணை மருந்தோ பூச்சிக்கொல்லியோ உள்ளே போயிருந்தால் எச்சில் நுரையாக வழியும், உடம்பு துடிக்கும். அதற்கு அட்ரோபின் ஊசி உண்டு. எது என்று மருத்துவர் தெரிந்துகொள்ள டப்பாவையும் கையோடு எடுத்துப்போங்கள். உப்புத்தண்ணீர், எண்ணெய், மோர் என்று வாயில் ஊற்றினால் பாதி நுரையீரலுக்குள் போகும். எச்சில் ஒழுகுவது விஷத்தாலா, வெறிநோயாலா என்பது வீட்டில் இருப்பவருக்குத் தெரியாது என்பதையும் மறக்கக்கூடாது.

பெட்டைக்கு அறுவை செய்தால் காவல் குறையுமா?

குறையாது. பெட்டை நாய் பருவத்துக்கு வரும்போது ஊர் நாய்கள் வாசலில் கூடிச் சண்டையிடுவது நிற்கும், அப்போது நடக்கும் கடிகளும் குறையும். சினை சுமக்கும் காலம் சுமார் 63 நாள். குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தை ஓரம் விட்டுவிட்டு வருபவர்கள், அடுத்த தெருநாய்க் கூட்டத்துக்கு விதை போடுகிறார்கள். பருவத்தைத் தள்ளிப்போட ஊசி போடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், கருப்பையில் சீழ் பிடிக்க அது காரணமாகலாம். பூனை நான்கைந்து மாதத்திலேயே சினையாகிவிடும், பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதும் மறுபடி சினை பிடிக்கும்.

1885 ஜூலை 6ஆம் தேதி பிரான்சில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு முதல் ஊசியைப் போடவைத்தார், சிறுவன் பிழைத்தான். அந்த நாளை ஒட்டி ஆண்டுதோறும் கால்நடை பராமரிப்புத் துறை நாய்களுக்கு இலவச வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. தேதியையும் இடத்தையும் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் ஜூன் மாதமே கேட்டு வைத்துக்கொள்ளலாம். நாயைக் கயிற்றில் பிடித்து, அதற்குப் பழகிய ஆளே கூட்டிவர வேண்டும், பழைய ஊசி அட்டை இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். கொண்டுபோக முடியாத நிலையில் மாடு, ஆடு விழுந்து கிடந்தால் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கும் எண் 1962.