ரெண்டு அங்குலம் தடுக்கிய அப்பத்தா!

லீவுக்கு ஊருக்குக் கிளம்பியாச்சா? போனதும் செல்போனை ஓரமா வெச்சுட்டு, வீட்டுத் தரையை ஒரு தடவை பாருங்க. எங்க வீட்டுல அடிபட்டுத் தெரிஞ்சுக்கிட்ட விஷயம் இது!

திருமயம் பக்கம் எங்க வீடு. போன தீபாவளிக்கு முன்னாடி கூடத்துக்கு மட்டும் டைல்ஸ் போட்டோம். பழைய சிமென்ட் தரை மேலேயே கலவையைக் கொட்டி ஒட்டினதால, கூடம் ரெண்டு அங்குலம் உயர்ந்துடுச்சு. அடுப்படி பழைய மட்டத்துலயே நின்னுடுச்சு. நாற்பது வருஷமா சமதளம்னு அப்பத்தா காலுக்குப் பழகின இடம். சொம்புத் தண்ணியோட அடுப்படியில இருந்து வந்துச்சு... கட்டைவிரல் தட்டி, ஈர டைல்ஸ்ல சறுக்கி விழுந்துச்சு. இடுப்பெலும்பு முறிவு. கண்ணாடி மாதிரி பளபளக்குற அந்த டைல்ஸைத் தேர்ந்தெடுத்தது யாரு? முதல் வருஷம் உராய்வுக் கணக்குல முழு மார்க் வாங்கின அடியேன்தான்!

'விழுறதெல்லாம் ஒரு மேட்டரா?'ன்னு கேட்காதீங்க. உலகம் முழுக்க வருஷத்துக்குச் சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் அதிகம் 60 வயதைத் தாண்டியவர்கள். பாடகி வாணி ஜெயராமை நினைச்சுப் பாருங்க. 2023 ஜனவரியில பத்மபூஷண் அறிவிப்பு வந்தது. பிப்ரவரி 4-ம் தேதி, சென்னை வீட்டில் தனியா இருந்தவர் படுக்கையறையில் விழுந்து தலையில் அடிபட்டு இறந்துபோனார். வேலைக்கு வந்த பெண் அழைத்தும் கதவு திறக்கவில்லை.

மாடிப்படியிலயும் இதே கதைதான். வீடுகளுக்கு, படி உயரம் 19 செ.மீ-க்கு மிகாமல், கால் வைக்கிற அகலம் 25 செ.மீ-க்குக் குறையாமல் இருக்கணும்னு சொல்லுது 2016-ம் வருஷத்து தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அதைவிட முக்கியம், எல்லாப் படியும் ஒரே உயரமா இருக்கணும். ரெண்டு படி ஏறினதுமே கால் அந்த உயரத்தை மனப்பாடம் பண்ணிடும். ஒண்ணு மட்டும் மாறினா, தடுக்கும்!

பாத்ரூம்ல துண்டு போடுற கம்பியைப் பிடிச்சு எழுந்திருக்கிறது நம்ம ஊர் வழக்கம். பாஸ், அது துண்டைத் தாங்கத்தான். ஆளைத் தாங்குற கம்பியைச் சுவருக்குள்ள போல்ட் போட்டு இறுக்கணும். கொல்லையில தொட்டியடிப் பாசியை வாரம் ஒருமுறை நீங்களே தேய்ங்க. தேய்ஞ்சுபோன ரப்பர் செருப்பைத் தூக்கிப் போடுங்க. பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க படுக்கையில இருந்து சட்டுனு எழ வேண்டாம், ஒரு நிமிஷம் உட்கார்ந்துட்டு எழட்டும்.

அப்படியும் விழுந்துட்டா? எங்க வீட்டுக்கு அன்னிக்கு எண்ணெய்க் கிண்ணத்தோட உருவிவிட ரெண்டு பேர் வந்தாங்க. விடாதீங்க! ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தா இடுப்பெலும்பு முறிஞ்சிருக்கலாம். தூக்கி நிறுத்தாம 108-க்கு அடிங்க.

ஆபரேஷன் முடிஞ்சு அப்பத்தா இப்ப வாக்கர்ல நடக்குது. அடுப்படி வாசல்ல சிமென்ட்ல சரிவு போட்டு, ஓரத்துல மஞ்சள் பெயின்ட் அடிச்சேன். பார்த்துட்டுக் கேட்டுச்சு: "ஏண்டா, இனி இங்கன பஸ்ஸு நிக்குமா?"