அன்று சொல், இன்று காற்று

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில், லேக்வுட் ஹைட்ஸ் பகுதியில் ஒரு சாதாரண வீடு. அதன் அடியில் ஒரு நிலவறை. தரைக்குச் சிமென்ட்கூடப் பூசவில்லை, வெறும் செம்மண். இசையமைப்பாளர் ரிக்கோ வேடின் தாயார் வீடு அது. 1990களின் தொடக்கத்தில் அந்த நிலவறையில் இளைஞர்கள் இரவும் பகலும் அடைந்து கிடந்தார்கள். ஒரு மூலையில் தாளம் ஓடிக்கொண்டிருக்கும். படிக்கட்டில் உட்கார்ந்து மற்றவர்கள் வரிகளை எழுதிக்கொண்டிருப்பார்கள். அந்த இடத்துக்கு 'டன்ஜன்' என்று பெயர் வைத்தார்கள், பாதாளச் சிறை என்று பொருள்.

அங்கே உருவானவர்தான் ஆண்ட்ரே பெஞ்சமின், உலகம் ஆண்ட்ரே 3000 என்று அழைக்கும் ராப் கலைஞர். பள்ளித் தோழர் பிக் பாயுடன் சேர்ந்து 'அவுட்காஸ்ட்' என்ற இருவர் குழுவைத் தொடங்கினார். 1994 ஏப்ரலில் அவர்களுடைய முதல் ஆல்பம் வெளிவந்தபோது ஆண்ட்ரேவுக்கு வயது 18.

அன்று ராப் என்றால் நியூயார்க், இல்லையென்றால் லாஸ் ஏஞ்சலீஸ். அட்லாண்டா போன்ற தெற்கு ஊர்களிலிருந்து வருகிறவர்களின் பேச்சு வழக்கையே மற்றவர்கள் கேலியாகப் பார்த்த காலம். 1995 ஆகஸ்டில் நியூயார்க்கில் நடந்த 'சோர்ஸ்' விருது விழாவில் சிறந்த புதிய குழுவாக அவுட்காஸ்டை அறிவித்ததும் அரங்கம் கூச்சலிட்டு எதிர்த்தது. ஒலிபெருக்கியைப் பிடித்த ஆண்ட்ரே, தென்னாட்டுக்கும் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு இறங்கினார். இன்றைக்கு ராப்பின் தலைநகரம் எது என்று கேட்டால் அட்லாண்டா என்று சொல்லத்தான் ஆள் அதிகம். அந்த மாற்றத்தின் கதையைச் சொல்கிற எவரும் அந்த மேடையைத் தாண்டிப் போவதில்லை.

அந்த ஆண்ட்ரே, தம் பெயரில் முதல் தனி ஆல்பத்தை வெளியிட்டது 2023 நவம்பர் 17 அன்று. 'நியூ ப்ளூ சன்'. 8 உருப்படிகள், 87 நிமிடங்கள். அவற்றில் ஒரு வரி ராப் கிடையாது, பாட்டும் கிடையாது. எல்லாம் குழல்.

இதற்கான அறிகுறி முன்பே தென்பட்டதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. 2003-ல் அவுட்காஸ்ட் இரட்டை ஆல்பம் வெளியிட்டது. பிக் பாய்க்கு ஒரு வட்டு, ஆண்ட்ரேவுக்கு ஒன்று. தம் பாதியில் ஆண்ட்ரே ராப்பைவிடப் பெரும்பாலும் பாடவே செய்தார். உலகமே ஆடிய 'ஹே யா' அதில் வந்ததுதான். 2004-ல் அந்த ஆல்பத்துக்கு ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. பிறகு 2006-ல் ஓர் ஆல்பம், அதன்பின் மற்றவர்கள் பாடல்களில் விருந்தாளியாகச் சில வரிகள். 2019 வாக்கில், கையில் குழலோடு தன்னந்தனியாக ஊர் ஊராக நடந்துகொண்டிருந்த அவரைக் கண்டவர்கள் படம் எடுத்துப் பகிர்ந்தார்கள்.

ஆல்பம் உருவான விதம் டன்ஜனுக்கு நேர்மாறானது. லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு மளிகைக் கடையில் தாளக் கலைஞர் கார்லோஸ் நீன்யோவைத் தற்செயலாகச் சந்தித்தார். அவர் வழியாகக் கிட்டார் கலைஞர் நேட் மெர்செரோ, கீபோர்டு வாசிக்கும் சூர்யா போடோஃபசீனா ஆகியோர் வந்து சேர்ந்தார்கள். எழுதி வைத்த மெட்டு இல்லை. ஒருவரை ஒருவர் கவனித்தபடி அந்த நேரத்தில் தோன்றியதை வாசித்தார்கள், அது பதிவானது. மாயன் மரபுக் குழல், மூங்கில் குழல், ஊதினால் மின்னணு ஒலி எழுப்பும் கருவி என்று ஆண்ட்ரே மாற்றி மாற்றி எடுத்தார். முறையாகக் கற்ற வித்துவானின் விரல் சுத்தம் அதில் இல்லை. தேடுகிறவனின் மூச்சு இருக்கிறது. சில இடங்களில் இழுவை உண்டு, மறுக்க மாட்டேன். ஆனால் பொய்யான ஓர் இடம் இல்லை.

ஏன் ராப் இல்லை? 48 வயதில் தம் வாழ்க்கையில் ராப் பாடும்படி எதுவும் இல்லை, கண் பார்வை மங்குவதையும் மருத்துவப் பரிசோதனைகளையும் பற்றியா பாடுவது என்று ஒரு பேட்டியில் கேட்டார். பல ரசிகர்களுக்கு அது ஏமாற்றம். எனக்கு அது 1995-ன் அதே நேர்மை. சொல்ல விஷயம் இருந்த நாளில் எதிர்ப்புக் கூச்சலுக்கு நடுவே சொன்னவர், இல்லாத நாளில் பெயருக்காகச் சொல்லவில்லை. தெற்கின் குரல் நிலைபெற்றுவிட்டதால்தான் அவரால் மௌனமாக இருக்கவும் முடிந்தது.

'நியூ ப்ளூ சன்' ஆல்பத்தின் முதல் உருப்படியின் நீளம் 12 நிமிடம் 20 விநாடி. அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசையின் முதல் நூறு பாடல்களில் அதுவரை இடம்பிடித்தவற்றில் அதுவே மிக நீளமானது. ராப் ஆல்பம் தரவே விரும்பினேன், காற்று இப்படி அடித்துவிட்டது என்று கேட்பவரிடம் சொல்வதாக அதன் தலைப்பு. ஆல்பம் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமிப் பரிந்துரையும் பெற்றது. இதெல்லாம் தொடங்கிய நிலவறையின் ரிக்கோ வேட் 2024 ஏப்ரலில் 52 வயதில் காலமானார். டன்ஜன் இருந்த வீட்டை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பிக் பாய் வாங்கிவிட்டார்.

கேட்கப் போகிறீர்கள் என்றால், 1994 ஆல்பத்தை முதலில் கேளுங்கள். அதே இரவில், கைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு, 'நியூ ப்ளூ சன்' ஆல்பத்தின் அந்த முதல் பன்னிரண்டு நிமிடங்களையும் நடுவில் நிறுத்தாமல் கேளுங்கள்.