முதியோர் இல்லத்துக் குளமும் இரவு நேர ஒட்சிசனும்

ஹாலே நகரின் மேற்கே உள்ள நொய்ஷ்டாட், லொய்னா, பூனா இரசாயன ஆலைகளின் தொழிலாளருக்காகக் கிழக்கு ஜேர்மனிய அரசு 1964இல் அடிக்கல் நாட்டிய புதுநகர். தொடர்மாடிகளுக்கிடையே சிற்பங்களும் நீரூற்றுகளும் திட்டத்தின் பகுதியாகவே இடம்பெற்றன. 1990இல் அது ஹாலேயுடன் இணைக்கப்பட்டது. அதன்பின் ஆலைகளில் வேலை குறைந்தது, இளையவர்கள் வெளியேறினர், குடித்தொகை ஏறத்தாழப் பாதியாயிற்று. இருபது வயதில் இங்கு குடிவந்தவர்கள் இன்று எண்பதை எட்டியோ தாண்டியோ இருக்கிறார்கள்.

அத்தகையோர் வாழும் இல்லமொன்றில் என் துணைவி பராமரிப்பு வேலை செய்கிறார். முற்றத்தில் சிறு குளம், நடுவே நீரூற்று. ஹவுஸ்மைஸ்டர் ஓய்வுபெற்றபின் அவரது இடத்துக்கு எவரும் வரவில்லை. ஆகவே சனிக்கிழமைகளில் பம்பியின் வடியைக் கழுவவும் பாசி அள்ளவும் நான் போகிறேன்.

ஒரு கோடையில் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதென நிர்வாகம் முடிவுசெய்தது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை, அதாவது முதியவர்கள் வாங்குகளில் அமர்ந்திருக்கும் நேரத்தில் மட்டும், நீரூற்று இயங்குமாறு ரைமர் பொருத்தப்பட்டது. இரண்டு வாரத்தின் பின், இரவுவேலை முடிந்து விடிகாலையில் அவ்வழியே வந்தேன். மீன்கள் நீர்மட்டத்தில் வாய்பிளந்து நின்றன. அடுத்த நாள் பல செத்து மிதந்தன. நோய் என்றார்கள், மருந்து வாங்கினார்கள்.

விடயத்தை விளக்கியவர் அங்கு வாழும் ஒரு மூதாட்டி. லொய்னாவின் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர். "பகலில் ஓடவிட்டு இரவில் நிறுத்துகிறீர்கள். மறுவளமாக அல்லவா செய்யவேண்டும்?" என்றார்.

கணக்கு எளிது. 10 பாகை வெப்பநிலையில் ஒரு லீற்றர் நீர் ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் 7.5 அளவில்தான். பகலில் பாசியும் நீர்த்தாவரங்களும் ஒட்சிசனை வெளியிடுகின்றன. இருட்டியபின் அவையும், மீன்களும், அடிச்சேற்றின் நுண்ணுயிர்களும் ஒருசேர அதை உள்ளெடுக்கின்றன. விடியுமுன்னரே அளவு மிகக் குறைவு. நீரூற்று நீரைத் துளிகளாகச் சிதறடித்துக் காற்றுடன் கலக்கிறது. அது வேண்டியிருப்பது பார்ப்பவர் இல்லாத அந்த நேரத்தில். 200 வாற்றுப் பம்பி இரவில் எட்டு மணிநேரம் ஓடினால் 1.6 அலகு மின்சாரம். பகலில் அதற்கு ஒன்பது மணிநேரம் செலவிட்டுக்கொண்டிருந்தோம்.

ஒரு காலத்தில் இரசாயனவியல் விரிவுரையாளனாக இந்தக் கரைதிறன் வரைபைக் கரும்பலகையில் எத்தனையோ தடவை வரைந்தவன் நான். குளத்தங்கரையில் அது நினைவுக்கு வரவில்லை.

மற்ற வேலைகளும் இப்படியே கண்ணுக்குத் தெரியாதவை. மீனுக்கும் வாத்துக்கும் எறியும் பாணும், விழும் இலைகளும் அழுகிப் பொசுபேற்றாகி மீண்டும் பாசியை வளர்க்கின்றன. எனவே இலையுதிர்காலத்தில் வலை விரிக்கவேண்டும், சேற்றை அள்ளவேண்டும். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் விரியும் என்பதால் உறைபனிக்கு முன் குழாய்களை வெறுமையாக்கவேண்டும். குளிர்காலத்தில் ஆழத்து நீர் 4 பாகையளவில் நிற்க, மீன்கள் அங்கு ஒதுங்குகின்றன; நீரைக் கலக்கினால் அந்த ஒதுக்கிடம் குளிர்ந்துவிடும். ஆக, கோடை இரவில் ஓடவேண்டிய பம்பி மாரியில் ஓயவேண்டும்.

முதியோர் இல்லத்தில் இன்னுமொரு அபாயமும் உண்டு. 25 முதல் 45 பாகை வரையான வெதுவெதுப்பான, அழுக்கான நீரில் லெஜியோனெல்லா பக்ரீரியா பெருகும். தூவலாக மூச்சில் புகுந்து, வயதானவரின் நுரையீரலைத் தாக்கும். 1976இல் பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர் மாநாடொன்றில் பலர் மாண்டபோதுதான் இந்நோய் அடையாளம் காணப்பட்டது. உள்மண்டபத்தில், விளக்கால் சூடேறும் சிறு அலங்கார ஊற்றுகளில்தான் கூடுதல் கவனம் தேவை.

இதை இங்கு எழுதக் காரணமுண்டு. புகலிடத்தில் நாம் முதுமையடைகிறோம். நமக்கென முதியோர் இல்லங்கள் வேண்டுமென்ற பேச்சு எழும்போது, கோயிற் கேணியும் தாமரையும் கொண்ட முற்றத்தைப் பலர் கற்பனை செய்கிறார்கள். அந்தக் கேணியைத் தூர்வாரியவர் யார், படியில் அமர்ந்தவர் யார்? 1927இல் மகாட்டின் சவுதார் குளத்தில் நீரள்ளிக் குடிக்க அம்பேத்கர் ஒரு போராட்டமே நடத்தவேண்டியிருந்தது. நமது மண்ணில் 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன் பின்னும் 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் மக்கள் நிற்க நேர்ந்தது. சேறு அள்ளிய கைகளுக்கு நீரின் மீது உரிமை இருக்கவில்லை.

ஜேர்மனிய இல்லத்தில் சாதி இல்லை. ஆயினும் சேற்றை அள்ளுபவரிடமோ, ஆய்வுகூடத்தில் உழைத்த மூதாட்டியிடமோ ரைமரைப் பற்றி எவரும் கேட்கவில்லை. நானும் சேறு அள்ளினேனே தவிர, அவரிடம் கேட்கவில்லை. ரைமர் இப்போது மாற்றப்பட்டுவிட்டது; அதைக் கேட்டு வாங்கியவர் அந்த மூதாட்டியே.

நாம் கட்டப்போகும் இல்லங்களில் துப்புரவுத் தொழிலாளியும் பராமரிப்பாளரும் அங்கு வாழ்பவர்களும் நிர்வாகக் குழுவில் இருப்பார்களா? மண்டபத்தின் பெயரைப் பற்றி வாதிடுமுன் இதைப் பேசவேண்டுமென்பது என் கருத்து. மாற்றுக் கருத்துள்ள நண்பர்கள் எழுதட்டும்.