நினைப்பைக் கேட்கும் கருவி



குழுக் கூட்டத்தில் பக்கவாதம் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "மாமியாருக்குக் கை வரல, பேச்சும் வரல. நாம பேசுறதாவது அவங்களுக்குப் புரியுமா?" இதற்கு ஓரளவு பதில் சொல்லும் ஆராய்ச்சி ஒன்றை இந்த மாதம் தெரிந்துகொள்வோம்.

மூளைக்குள் கரண்டா?

ஆமாம். நம் மூளையில் உள்ள கோடிக்கணக்கான நரம்பு செல்கள் மிகச் சிறிய மின்சாரத்தால்தான் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. கையைத் தூக்க நினைத்தால் அந்தச் செய்தி மூளையில் எழுந்து, தண்டுவடம் வழியாகக் கைக்குப் போகிறது. ஜெர்மனி மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-ல் முதன்முதலாக மனித மூளையின் அலைகளைப் பதிவு செய்தார். இன்று வலிப்பு நோய்க்கு ஆஸ்பத்திரியில் எடுக்கும் இ.இ.ஜி. பரிசோதனை அதிலிருந்து வந்ததுதான்.

"தலையில கரண்ட் வைப்பாங்களாமே?" என்று சிலர் பயப்படுகிறார்கள். பயமே வேண்டாம். இ.இ.ஜி. கருவி கரண்ட் கொடுப்பதில்லை. மூளையில் ஏற்கெனவே இருப்பதைக் கேட்க மட்டும் செய்கிறது. டார்ச் லைட் பாட்டரி ஒன்று 1.5 வோல்ட். தலைத்தோலில் கிடைக்கும் அலை அதில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

ராஜேஷ் ராவ் செய்த வேலை

நம் நாட்டைச் சேர்ந்த ராஜேஷ் ராவ் அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். மூளை அலையைக் கம்ப்யூட்டர் புரிந்துகொள்ளும்படி செய்வதே அவர் ஆராய்ச்சி.

2006-ல் அவரும் அவருடைய மாணவர்களும் ஒரு சோதனை காட்டினார்கள். ஒருவர் தலையில் 32 மின்முனைகள் வைத்த தொப்பியைப் போட்டு உட்கார்ந்தார். ரோபோ முன்னால் இருந்த பொருள்கள் திரையில் தெரிந்தன. அவை மாறி மாறி மின்னின. அவர் மனசில் நினைத்த பொருள் மின்னும்போது மட்டும் மூளையில் ஒரு சின்ன அலை எழுந்தது. கூட்டத்தில் வருகைப் பதிவு வாசிக்கும்போது நம்ம பேர் வந்ததும் மனசு சட்டென்று திரும்புகிறதே, அது மாதிரி. கம்ப்யூட்டர் அந்த அலையைப் பிடித்தது. ரோபோ அந்தப் பொருளை எடுத்து வந்தது.

இது சுலபமான வேலை இல்லை. கண் சிமிட்டினாலும் பல்லைக் கடித்தாலும் அந்த மின்சாரம் மூளை அலையை மூடிவிடும். கொட்டும் மழையில் எதிர் மேட்டிலிருந்து யாரோ கூப்பிட்டால் ஒரு தடவையில் கேட்காது. நாலைந்து தடவை கூப்பிட்டால் குரல் பிடிபடும். அதே மாதிரி பொருள்களைப் பலமுறை மின்னவைத்து, திரும்பத் திரும்ப வருவதை வைத்துக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது.

15 ஆண்டுக்குப் பிறகும்

2012-ல் வேறொரு அமெரிக்க ஆராய்ச்சிக் குழுவின் சோதனை வெளியானது. பக்கவாதத்தால் ஏறக்குறைய 15 ஆண்டுகளாகக் கை கால் அசையாமல், பேச முடியாமல் இருந்த ஒரு பெண்மணி. அவர் மூளையில் ஆபரேஷன் செய்து ஒரு சின்னக் கருவி வைத்திருந்தார்கள். கையை அசைக்க நினைத்தார். பக்கத்திலிருந்த ரோபோ கை காபி பாட்டிலை எடுத்து வாயருகே கொண்டுவந்தது. அவர் தானாகக் குடித்தார்.

யோசித்துப் பாருங்கள். 15 ஆண்டு கை அசையவில்லை. ஆனால் கையை அசைக்கும் நினைப்பு மூளையில் அப்படியே இருந்திருக்கிறது!

நாம் செய்யக்கூடியது

இந்தக் கருவிகள் இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடத்தில்தான் இருக்கின்றன. "மூளைக் கருவியால குணமாக்குறோம்" என்று யாராவது பணம் கேட்டால், குழுவில் கடன் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேளுங்கள்.

ஆனால் இந்த ஆராய்ச்சியின் வழியை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். காசு வேண்டாம். தண்ணி, டீ, கம்பளி என்று ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். "வேணும்னா ஒரு தடவை கண்ணைச் சிமிட்டுங்க அத்தை" என்று சொல்லிவிட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள். இரண்டு மூன்று தடவை கேட்டு உறுதி செய்யுங்கள். பக்கவாதத்தில் சிலருக்குப் புரிந்துகொள்ளும் சக்தியும் குறையும். அதனால் சின்னச் சின்ன வார்த்தையாகப் பேசுங்கள். படுத்திருப்பவர் முன்னாலேயே "இது எப்போ போகுமோ" என்று பேச வேண்டாம். அவர் பதில் சொல்லாததால் காதில் விழவில்லை என்று அர்த்தம் இல்லை.

இன்னொன்று. திடீரென்று வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-க்கு போன் செய்யுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். சோலூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் நேரமும், அங்கே ஸ்கேன் எடுக்கும் நேரமும் அதற்குள்தான் அடங்க வேண்டும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஊக்குநர்கள் இதை வாசித்துக் காட்டுங்கள். நம்ம ஊரில் பேச முடியாமல் படுத்திருப்பவர் யார் யார், அவர்களிடம் கடைசியாக எப்போது பேசினோம் என்று பேசிப் பாருங்கள்.