மேடேறும் பவானித் தண்ணீர்

அவிநாசி, அன்னூர் வட்டார விவசாயிகள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுவந்த அத்திக்கடவு – அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. செலவு 1,916 கோடி ரூபாய். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானியின் உபரிநீர் 1.5 டி.எம்.சி. போய்ச் சேர வேண்டும்.

அத்திக்கடவு இப்போது பெயரில் மட்டும்தான். பில்லூர் அணைப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் அந்த ஊரிலிருந்து வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் தானாக இறங்கிவரும். கரண்ட் செலவே இல்லை. ஆனால் அந்த இடம் பவானிசாகருக்கு மேலே. அங்கே கைவைத்தால் அணைக்கு வரத்து குறையும் என்று கீழ்பவானி, கொடிவேரி, காலிங்கராயன் பாசனக்காரர்கள் அஞ்சாமல் இருப்பார்களா?

அதனால் தண்ணீர் எடுப்பதைக் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே கொண்டுவந்தார்கள். 13ஆம் நூற்றாண்டு அணைக்கட்டு அது. அதைத் தாண்டி வழிவது, பழைய ஆயக்கட்டுகள் எடுத்தது போக மிச்சம். சற்றுத் தொலைவில் கூடுதுறையில் காவிரியோடு கலந்துவிடும். உரிமைச் சண்டைக்கு இடமில்லாத இடம்தான். விலை வேறு வகையில் வந்தது: பவானி, நல்லாகவுண்டன்பாளையம், திருவாச்சி, போலநாயக்கன்பாளையம், எம்மாம்பூண்டி, அன்னூர் என ஆறு நீரேற்று நிலையங்கள், ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் குழாய். 2019இல் அடிக்கல் நாட்டியும் நிலம் எடுக்கும் சிக்கலில் வேலை இழுத்தது.

புதிதாக அணை எதுவும் கட்டவில்லை என்பதைப் பாராட்டத்தான் வேண்டும். இருக்கிற குட்டைகளே சேமிப்பு. பலன்பெறும் நிலம் 24,468 ஏக்கர் என்கிறது அரசு. 1.5 டி.எம்.சி.யை அதன்மேல் அப்படியே பரப்பினால் ஒன்றரை அடிகூடத் தேறாது. நெல்லுக்கு நாலடி வேண்டும். ஆக, மடை திறந்து வயலுக்குப் பாய்ச்சும் திட்டமல்ல இது. குட்டையில் நின்று, மண்ணில் இறங்கி, பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் ஊறினால்தான் பலன். சீமைக்கருவேலம் மண்டி, அடியில் வண்டல் இறுகிக் கிடக்கும் குட்டையில் குழாயைத் திறந்துவிட்டால் பாதி வெயிலுக்குத்தான் போகும்.

இன்னொரு கணக்கும் உண்டு. திட்டப்படி 70 நாளில் 1.5 டி.எம்.சி. எடுக்க விநாடிக்குச் சுமார் 250 கனஅடி இறைக்க வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் ஆற்றில் உபரி இராது. மோட்டாரும் குழாயும் சும்மா கிடக்கும், பராமரிப்புச் செலவு மட்டும் நிற்காது. எந்தக் குட்டைக்கு எத்தனை நாள் தண்ணீர் வந்தது, கரண்டுக்கு எவ்வளவு போனது, கிணறுகளில் நீர்மட்டம் எத்தனை அடி ஏறியது என்பதை ஆண்டுதோறும் நீர்வளத்துறை ஊராட்சிவாரியாக வெளியிட வேண்டும்.